நாற்பத்துநான்காம் கட்டம்

நெல்சன் ஊர் பேக்கரியில் கிளென்டா இரண்டு கஸ்டர்டு டார்ட் வாங்கினாள். பிறகு, போதாதோ என்று தோன்றி, உலர்திராட்சை வைத்த எக்கிள்ஸ் கேக் இரண்டு வாங்கினாள். குடியிருப்பவளை வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு எத்தனை கேக் சரியான அளவு என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

காரில் உட்கார்ந்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். 'மேக்ஸின், ஒரு விஷயம் பேசணும்.' இது சாவுச் செய்தி மாதிரி இருந்தது. 'மேக்ஸின், உன்ன மாதிரி வாடகைக்கு ஆள் கிடைக்காது.' இது வேலையைவிட்டு எடுப்பதற்கு முன்னால் மேலாளர்கள் சொல்வது. 'மேக்ஸின், வீட்டை விக்கப்போறேன்.' இதுதான் உண்மை, அதனால் அதை ஒரே ஒரு தடவைதான் சொல்லிப் பார்த்தாள்.

விற்பதென்று முடிவு செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு விற்கும் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து படம் எடுக்க ஆள் வருவார். இன்று புதன். அவர் கேமராவோடு வாசலில் வந்து நிற்பதற்குள் உள்ளே இருப்பவளிடம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரி வருவதென்றால் முந்தின நாளே தெரியப்படுத்த வேண்டும் என்பது விதி. கிளென்டா அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. நேற்றே செய்தி அனுப்பிவிட்டாள்: 'நாளை மூன்று மணிக்கு வரலாமா? கிளென்டா.' வழக்கமாக எதற்கு வருகிறாள் என்றும் எழுதுவாள். நேற்று எழுதவில்லை.

அது மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை கொண்ட கல் வீடு. தெரு முழுக்க அதேபோல ஒட்டி ஒட்டி நிற்கும். விவாகரத்தில் கைக்கு வந்த இருபத்தேழாயிரம் பவுண்டோடு எண்பதாயிரம் கடன் சேர்த்து, 2020-ஆம் வருடம் வாங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை அவளுக்கு. முழங்கால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாது. அப்புறம் வாடகையில் ஏதோ கொஞ்சம் வரட்டும் என்பதுதான் கணக்கு. கடன் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுகிற வகை. அசல் அப்படியே நிற்கும், வீட்டை விற்கும் நாளில்தான் அது தீரும். வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகிறார்கள். 2023 மார்ச் வரை வட்டி இரண்டரை சதவீதம், அதாவது வருடத்துக்கு இரண்டாயிரம் பவுண்டு. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் வங்கி ஆறு சதவீதம் என்றது. இரண்டாயிரம் ஒரே தாவலில் நான்காயிரத்து எண்ணூறு ஆகிவிட்டது.

அதை மட்டும் என்றால் அவள் சமாளித்திருப்பாள். வாடகையை ஐந்நூறிலிருந்து அறுநூறாக்கினாள், கசப்போடுதான். மேக்ஸினும் கசப்போடுதான் கொடுத்தாள். ஆனால் இந்த ஜனவரியில் வரிப் படிவத்தைக் கணினியில் நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது, மாத இறுதிக்குள் கட்ட வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று முப்பது பவுண்டு என்று வந்தது. அவள் வங்கிக் கணக்கில் அப்போது இருந்தது அறுநூற்றுச் சொச்சம்.

மேக்ஸின் கதவைத் திறந்ததும் கிளென்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பேக்கரிப் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"கேக்கா?" என்றாள். "கூரை விழப்போகுதா, இல்ல வாடகை ஏறப்போகுதா?"

"ஏன், சும்மா வாங்கிட்டு வரக்கூடாதா?"

"நாலரை வருஷத்துல ஒரு பிஸ்கட் வாங்கிட்டு வந்ததில்லையே நீங்க. உள்ள வாங்க. டீக்குக் கெட்டில் போட்டிருக்கேன்."

மேக்ஸினுக்கு நாற்பத்துமூன்று வயது. பர்ன்லி பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவள். எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு, எந்த ஓட்டுநருக்கு எப்போது சாப்பாட்டு இடைவேளை என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக அடுக்குவது அவள் வேலை. காலை ஆறு மணிக்குப் போய் இரண்டரைக்குத் திரும்பிவிடுவாள். மகள் ஃப்ரேயாவுக்கு மே மாதம் பள்ளி இறுதித் தேர்வு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தப் பெண்ணின் படிப்பு அட்டவணை ஒட்டியிருந்தது. அதுவும் அம்மா போட்டதுதான் என்பது பார்த்தாலே தெரிந்தது: ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட 'வேதியியல், 10.05' என்றிருந்தது. பத்து மணி இல்லை, பத்து ஐந்து.

அதைப் பார்த்ததும் கிளென்டாவுக்கு ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியமும் மறந்துபோயின.

"நான் வீட்டை விக்கணும் மேக்ஸின்," என்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

மேக்ஸின் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். பால் பாட்டிலை மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை படம் எடுக்க வர்றாங்க. உனக்கு ரெண்டு மாச நோட்டீஸ் தருவேன். சட்டப்படி அவ்வளவுதான். ஆனா நீ கேட்டா இன்னும் கொஞ்சம்…"

"ரெண்டு மாசம்னா மார்ச் கடைசி." மேக்ஸின் மனதுக்குள் அட்டவணை போடுகிறாள் என்பது கிளென்டாவுக்குத் தெரிந்தது. "அவளுக்குப் பரீட்சை மே மாசம். இந்தப் பக்கம் அறுநூறுக்கு எதுவுமே இல்ல. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன், நீங்க வாடகை ஏத்தின நாள்லேர்ந்து. எழுநூத்தம்பதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அதுவும் ஈரச் சுவரோட."

"தெரியும்."

"விலை நல்லா போகுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி கிளென்டாவைச் சுட்டது. அவள் பேராசைக்காரி இல்லை. அப்படி ஒருவர் நினைத்துவிட்டுப் போவதை அவளால் பொறுக்க முடியாது. கைப்பையைத் திறந்து, பள்ளிக்கூட ஆபீஸில் அச்சடித்துக்கொண்ட நான்கு தாள்களை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"நீயே பாரு. இதுல எனக்கு என்ன மிஞ்சுதுன்னு பார்த்துட்டு அப்புறம் பேசு."

மேக்ஸின் உட்கார்ந்தாள். எதிரே கஸ்டர்டு டார்ட் ஒன்று தட்டில் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு முதல் தாளை எடுத்தாள்.

"வாடகை ஏழாயிரத்து இருநூறு. சரி, என் காசுதான். காப்பீடு, எரிவாயுச் சோதனை, ரிப்பேர்… ஆயிரத்து நூறு. மிச்சம் ஆறாயிரத்து நூறு. அதுல இருபது சதவீதம் வரி, ஆயிரத்து இருநூத்திருபது." விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "வங்கிக்கு எவ்வளவு கட்டறீங்க?"

"நாலாயிரத்து எண்ணூறு."

"அப்போ உங்களுக்கு நிக்கிறது…"

"எண்பது பவுண்டு. வருஷத்துக்கு. அதோட, வரி ஆயிரத்தைத் தாண்டிட்டா அடுத்த வருஷத்து வரியில பாதிய இப்பவே முன்பணமா கட்டணுமாம். போன வருஷம் தொள்ளாயிரத்து எண்பதுதான் வந்துச்சு, தப்பிச்சேன். இந்த வருஷம் உன் வாடகைய ஏத்தினேன் பாரு, தாண்டிடுச்சு. ஆயிரத்து இருநூத்திருபதோட அறுநூத்திப் பத்து. எங்க போவேன் நான்?"

மேக்ஸின் மறுபடி தாளைப் பார்த்தாள்.

"வட்டி இதுல எங்க இருக்கு?"

"இல்ல. அதத்தான் எடுத்துட்டாங்களே."

"யாரு?"

"கவர்மென்ட். முன்னாடி வாடகையில வட்டியக் கழிச்சுக்கலாம். இப்போ முடியாது. எங்க அக்கா வீட்டுக்காரரு ஒரு ஞாயித்துக்கிழமை இறைச்சி வெட்டிக்கிட்டே சொன்னாரு, வீடு வெச்சிருக்கற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

கிளென்டா யாரையெல்லாமோ கேட்கவில்லை. ஒருவரைத்தான் கேட்டிருந்தாள். முதன்முதலாகப் படிவம் நிரப்ப வேண்டியிருந்த வருடம், அக்கா மார்லீன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அக்காவின் கணவர் டெரிக்குக்கு ஏழு வீடு, அதோடு குளியலறை ஓடு விற்கும் கடை. மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தவரிடம், 'டெரிக், வட்டிய எந்த இடத்துல எழுதறது?' என்று கேட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். 'வட்டியா? அதெல்லாம் போச்சு, கிளென். ஒரு பென்னி கழிக்க முடியாது. பட்டப்பகல் கொள்ளை!' மேசையிலிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நெல்சனில், பர்ன்லியில், வீடு வாடகைக்கு விடுகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கிளென்டா சிறு வயதிலிருந்து மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவள். உரிமை இல்லாததைக் கேட்டு வாங்குவது திருட்டு என்று வளர்க்கப்பட்டவள். எனவே படிவத்தில் வட்டி சம்பந்தமாக எது கண்ணில் பட்டாலும் விரலைச் சுட்டுக்கொண்டவள்போலத் தாண்டிப் போய்விடுவாள். நான்கு வருடமாக அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தாள்.

மேக்ஸின் மூன்றாம் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ இது என்ன?"

நாற்பத்துநான்காம் கட்டம். 'குடியிருப்பு வீட்டுக்கான கடன் செலவுகள்' என்று பக்கத்தில் அச்சாகியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அது எனக்கில்ல."

"உங்க வீடு குடியிருப்பு வீடுதானே? நான்தானே குடியிருக்கேன்? நீங்க கட்டற வட்டி கடன் செலவுதானே?"

"அதான் எடுத்துட்டாங்கன்னு சொல்றேனே!"

"எடுத்துட்டாங்கன்னா கட்டத்த ஏன் விட்டு வெச்சிருக்காங்க?" மேக்ஸின் குரலில் இப்போது வேறு ஒரு சூடு. டெப்போவில் யாரோ தப்பான அட்டவணை போட்டுக்கொண்டு வந்தால் வருமே, அந்தச் சூடு. "நிறுத்தின பஸ்ஸுக்கு நான் அட்டவணையில இடம் ஒதுக்க மாட்டேன், கிளென்டா. தாள் செலவு. இங்க ஒரு கட்டம் இருக்குன்னா ஏதோ ஒண்ணு ஓடுது."

கிளென்டா அவளைப் பார்த்தாள். சந்தேகம் மெல்ல வந்தது. வந்ததை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"உனக்கு இந்த வீட்ல இருக்கணும். அதனால சொல்ற."

"ஆமா, இருக்கணும்," என்றாள் மேக்ஸின். "அதனால நான் சொல்றது பொய்யாயிடுமா? எனக்கு வரியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா காலிக் கட்டத்தப் பார்த்தா எனக்குத் தூக்கம் வராது. நீங்க என்ன நம்ப வேணாம். அவங்களையே கேளுங்க."

"யாரை?"

"வரி ஆபீஸை. போன் நம்பர் கீழயே இருக்கு."

"அய்யோ, வேணாம்! போன் பண்ணிட்டா என் பேரைக் குறிச்சு வெச்சுக்குவாங்க."

"உங்க பேரு ஏற்கெனவே அவங்ககிட்ட இருக்கு. அதுக்குத்தான் இந்த நாலு தாளு."

மேக்ஸின் தன் கைப்பேசியிலேயே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசை நடுவில் வைத்தாள். இசை ஒலித்தது. இசைக்கு நடுவே ஒரு குரல் வரிசையில் காத்திருக்கச் சொன்னது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கஸ்டர்டு டார்ட்டைத் தின்றார்கள். அது முடிந்து எக்கிள்ஸ் கேக்குக்கு வந்தபோது ஓர் ஆண் குரல் கேட்டது. ஸ்காட்லாந்துக்காரர் போல ரகரத்தை உருட்டிப் பேசினார்.

"வணக்கம், வரி ஆபீஸ், என் பேரு காலம். என்ன உதவி வேணும்?"

கிளென்டா வாயில் கேக் இருந்தது. மேக்ஸின் கண்ணை உருட்டி மிரட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் கிளென்டா, விழுங்கிவிட்டு. "நான் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். வட்டியக் கழிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். நான் ஏமாத்த நினைக்கல. நாற்பத்திநாலாம் கட்டம் யாருக்குன்னு மட்டும் சொன்னா போதும்."

"உங்களுக்குத்தாம்மா."

"எனக்கா?"

"வீட்டுக் கடன் வட்டி கட்டறீங்கள்ல? முழுத் தொகையையும் அதுல எழுதணும். செலவுல கழிக்க முடியாதுங்கறது சரி. ஆனா அதுல அஞ்சுல ஒரு பங்க, கடைசியில வர்ற வரியிலேர்ந்து கழிச்சிடுவோம். இதுவரைக்கும் எழுதலையா?"

கிளென்டா மிச்சக் கேக்கைத் தட்டில் வைத்தாள். மேக்ஸின்தான் முன்னால் சாய்ந்து, "நாலு வருஷமா எழுதல," என்று போட்டுக்கொடுத்தாள்.

மறுபுறம் ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படியா," என்றார் காலம், டாக்டர்கள் சொல்வதுபோல நிதானமாக. "பரவாயில்ல. இந்த வருஷத்த இன்னும் அனுப்பலையே? திருத்திடுங்க. போன வருஷத்தையும் இம்மாசம் முப்பத்தொண்ணுக்குள்ள கம்ப்யூட்டர்லயே திருத்தலாம். அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்கும் கடிதம் எழுதிக் கேக்கணும். முதல் வருஷத்துக்குக் கெடு வர்ற ஏப்ரல் அஞ்சு. அதைத் தாண்டினா போச்சு. நல்ல நேரத்துலதாம்மா கூப்பிட்டீங்க."

கிளென்டா அவருக்கு ஐந்து தடவை நன்றி சொன்னாள். ஐந்தாவது தடவை அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

மேக்ஸின் தன் மடிக்கணினியை எடுத்து வந்தாள். கிளென்டாவின் கணக்கைத் திறப்பதற்குள் ரகசியச் சொல் இரண்டு முறை தப்பாகப் போனது. கைப்பேசிக்கு வந்த எண்ணைப் பார்க்க மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடி காரில் இருந்தது. மேக்ஸினின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசியில் அந்தப் பக்கம் வந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"நீங்களே அடிங்க," என்றாள் மேக்ஸின். "அப்புறம் நான்தான் போட்டேன்னு சொல்லக் கூடாது."

கிளென்டா ஒரு விரலால் நான்கு, எட்டு, பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்தாள். பொத்தானை அழுத்தினாள். பக்கம் கொஞ்ச நேரம் வெண்மையாக நின்றது.

ஆயிரத்து எண்ணூற்று முப்பது போய்விட்டது. அந்த இடத்தில் இருநூற்று அறுபது இருந்தது.

"தப்பா வந்திருக்கு," என்றாள் கிளென்டா.

"இருங்க." மேக்ஸின் ஒரு பென்சிலை எடுத்தாள். "வட்டி நாலாயிரத்து எண்ணூறு. அதுல அஞ்சுல ஒரு பங்கு தொள்ளாயிரத்து அறுபது. வரி ஆயிரத்து இருநூத்திருபதுலேர்ந்து அதக் கழிச்சா இருநூத்தறுபது. சரியாத்தான் இருக்கு."

"அந்த முன்பணம்? அறுநூத்திப் பத்து?"

"வரி ஆயிரத்துக்குக் கீழ வந்துடுச்சுல்ல. முன்பணம் கிடையாது. நீங்கதானே இப்போ சொன்னீங்க?"

கிளென்டா கோட்டைக் கழற்றினாள். வந்ததிலிருந்து அதை அவள் கழற்றவே இல்லை. நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். பிறகு பென்சிலை மேக்ஸினிடமிருந்து வாங்கினாள். புரியாத ஒன்றை நம்பி வீட்டுக்குப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. இதுநாள்வரை செய்தது அதுதான் என்றாலும்.

"பழைய மாதிரி பண்ணிப் பாக்கறேன்," என்றாள். "ஏழாயிரத்து இருநூறு வாடகை. செலவு ஆயிரத்து நூறு போச்சு. வட்டியும் போச்சு. மிச்சம் ஆயிரத்து முந்நூறு. அதுல இருபது சதவீதம்…" எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். "இருநூத்தறுபது."

"அதே."

"அதேதான்! அப்போ என்னதான் மாத்தினாங்க?"

மேக்ஸினுக்கும் அது விளங்கவில்லை. இருவரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். கிளென்டாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அது பிடிபட்டது சமையலறை வழியாக.

"உருளைக்கிழங்கு!" என்றாள்.

"என்னது?"

"பாரு. எங்க ஸ்கூலுக்கு உருளைக்கிழங்கு வாங்கறோம்னு வெச்சுக்க. முன்னாடி தோலை உரிச்சுட்டுத் தராசுல வெச்சாங்க. கிழங்குக்கு மட்டும் காசு. இப்போ தோலோட வெச்சு எடை போட்டுக் காசு வாங்கிட்டு, தோலோட எடைக்கு அதே விலையத் திருப்பித் தர்றாங்க. தோலுதான் வட்டி, விலைதான் வரி. என் விலை கிலோவுக்கு இருபதுன்னா, திருப்பித் தர்றதும் இருபது. முன்னாடியும் இப்பவும் ஒண்ணுதான். எனக்கு ஒரு பென்னி வித்தியாசம் இல்ல!"

"அப்போ உங்க அக்கா வீட்டுக்காரர் ஏன் அழறாரு?"

கிளென்டா யோசித்தாள். ஏழு வீடு, ஓடு விற்கும் கடை. டெரிக்கின் வருமானம் மேல் படியில் நிற்கிறது. அங்கே வரி நாற்பது சதவீதம்.

"அவருக்கு விலை கிலோவுக்கு நாற்பது," என்றாள் மெதுவாக. "தோலோட எடை போட்டு நாற்பதுன்னு வாங்கிக்கறாங்க. ஆனா தோலுக்குத் திருப்பித் தர்றது எல்லாருக்கும் அதே இருபதுதான். அவருக்குப் பாதித் தோலு போச்சு. அவரு சொன்னது பொய்யில்ல, மேக்ஸின். அவருக்கு நெஜமாவே போச்சு. வட்டி ஏறின இந்த நேரத்துல ரொம்பவே போயிருக்கும். அவரு கணக்குப் பாக்க ஆள் வெச்சிருக்காரு, நாற்பத்திநாலாம் கட்டத்த அந்த ஆளு நிரப்பியிருப்பாரு. இவருக்கே அது இருக்கறது தெரியாது."

"அவரோட தலைவலிக்கு நீங்க மாத்திரை தின்னிருக்கீங்க."

"நாலு வருஷமா." கிளென்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் கண்ணில் நீர். மேக்ஸின் சமையலறைத் துண்டின் ஒரு முனையை நீட்டினாள்.

"எண்பது பவுண்டுக்காக உங்கள வெளிய போகச் சொல்ல வந்தேன்," என்றாள் கிளென்டா துடைத்துக்கொண்டே. மேக்ஸினை நீ என்றே இத்தனை வருடம் அழைத்தவள், தன்னையறியாமல் அம்மாவையும் மகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "எண்பது இல்ல, ஆயிரத்து நாற்பது நிக்குது எனக்கு. வருஷத்துக்கு ஆயிரத்து நாற்பது. அது போதும். அதுக்குத்தான் வாங்கினதே."

"பழசும் வருமே. அந்த மூணு வருஷத்துது."

பென்சில் மறுபடி ஓடியது. போன வருடம் நானூறு, அதற்கு முந்தியது நானூறு, மேக்ஸின் குடிவந்த முதல் வருடம் பத்து மாத வட்டிதான் என்பதால் முந்நூற்று முப்பத்துமூன்று. மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்று. போன வருடத்தை அப்போதே திருத்தி அனுப்பினார்கள். மற்ற இரண்டுக்கும் கடிதத்தை மேக்ஸின் சொல்லச் சொல்ல கிளென்டா எழுதினாள். 'எனது அறியாமையால்' என்று ஆரம்பித்ததை மேக்ஸின் அடிக்கச் சொன்னாள். "அவங்ககிட்ட போய் மன்னிப்புக் கேக்காதீங்க. கட்ட வேண்டியதுக்கு மேல கட்டியிருக்கீங்க. திருப்பிக் குடுன்னு எழுதுங்க."

"மரியாதையா எழுதறேன்."

"மரியாதையா, திருப்பிக் குடுன்னு எழுதுங்க."

கடிதம் உறைக்குள் போனதும் மேக்ஸின் நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்போ நான் ஒண்ணு கேக்கலாமா? அந்த நூறு பவுண்டு. வாடகைய ஏத்தினீங்களே."

"வட்டி ஏறினது நெஜம்டி, அம்மா. அத நான் கற்பனை பண்ணல."

"தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன்."

"குறைக்க முடியாது," என்றாள் கிளென்டா. "ஆனா இந்த வருஷம் ஏத்த மாட்டேன். அடுத்த வருஷம் ஏத்தினாலும் உன்கிட்ட கணக்கக் காட்டிட்டுத்தான் ஏத்துவேன்."

"வாய்ப்பேச்சுல வேணாம். பன்னெண்டு மாசத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் குடுங்க. இப்போ எனக்கு இருக்கறது மாசத்துக்கு மாசம் நீளற வாடகை. எவனாவது இன்னொரு ஞாயித்துக்கிழமை இறைச்சி வெட்டிக்கிட்டே ஏதாவது சொன்னா, நீங்க மறுபடி கேக்கோட வந்துடுவீங்க."

கிளென்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அது நியாயம். "எழுதித் தர்றேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள."

பிறகு தன் கைப்பேசியை எடுத்து ஏஜென்ட் ஆபீஸைக் கூப்பிட்டாள். எடுத்த பெண் உற்சாகமாகப் பேசினாள். வெள்ளிக்கிழமை பத்து மணி உறுதிதானே, திரைச்சீலைகளைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் நன்றாக விழும் என்றாள்.

"படம் எடுக்க வர வேணாம்," என்றாள் கிளென்டா. "நான் விக்கல."

"ஏதாவது பிரச்சினையா மேடம்? விலை பேசிக்கலாம். இப்போ நெல்சன்ல நல்ல டிமாண்டு. வட்டிச் சட்டத்தால நிறைய பேரு வித்துட்டு வெளிய வர்றாங்க. நீங்க யோசிச்சு…"

"யோசிச்சுட்டேம்மா. வீட்ல ஆளு இருக்காங்க."

போனை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே மங்கிக்கொண்டு வந்தது. எதிர்வரிசை வீடுகளின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் பெண்டில் மலை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மேக்ஸின் வாசல்வரை வந்தாள்.

"ஃப்ரேயா வர்ற நேரம்," என்றாள். "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று மேக்ஸின் கதவைச் சாத்தினாள்.